படுக்கைப் புண்ணை எண்ணுவது எப்படி?

மருதனார்மடம் சந்தையில் தராசில் ஏறாமல் ஒரு கிலோ கத்தரிக்காயும் கைமாறுவதில்லை. நோயாளரின் உடம்பில் உண்டாகும் படுக்கைப் புண்ணை மட்டும் நாம் கண்மதிப்பில் விட்டுவிடுகிறோம்.

அசையாது கிடப்பவரின் எலும்பு முனைகளில், முக்கியமாக இடுப்பின் பின்புறம், குதிக்கால், தொடைப் பொருத்து ஆகிய இடங்களில், உடலின் பாரமே இரத்த ஓட்டத்தைத் தடுக்கிறது. ஈரமும் ஊட்டக் குறைவும் சேர்ந்தால் சில மணி நேரத்திலேயே தசை பழுதாகத் தொடங்கும். பாரிசவாதக்காரர், இடுப்பெலும்பு முறிந்த முதியோர், பனையிலிருந்து விழுந்து முள்ளந்தண்டு முறிந்த சீவல் தொழிலாளி, 2009 வரையிலான போரில் அவ்வாறே முடங்கியவர்கள் எனப் பலர் இந்த ஆபத்தில் இருக்கிறார்கள். படுக்கைப் புண் பெரும்பாலும் பராமரிப்பின் குறையே என்று பிளாரன்ஸ் நைற்றிங்கேல் அம்மையார் 1859இலேயே எழுதினார்.

எண்ணுவதற்கு இரு வழிகள் உண்டு. ஒரே நாளில் எல்லா விடுதிகளிலும் எல்லா நோயாளரின் தோலையும் பார்த்து, இன்று எத்தனை பேருக்குப் புண் இருக்கிறது என்று கணக்கிடுவது ஒன்று. புண் இல்லாமல் வந்தவர்களுள் எத்தனை பேருக்கு இங்கு வந்தபின் உண்டாயிற்று என்று தொடர்ந்து பார்ப்பது மற்றது. உதாரணமாக, 200 நோயாளரில் 14 பேருக்குப் புண் இருந்தால் அது 7 வீதம். அந்த 14 பேரில் 9 பேர் வீட்டிலிருந்தே புண்ணோடு வந்திருந்தால், வைத்தியசாலையைக் குறை சொல்லிப் பயனில்லை. ஊரில்தான் வேலை இருக்கிறது.

நோயாளர் வீடு திரும்பும்போது எழுதும் பதிவேட்டை மட்டும் நம்பினால் இத்தொகை கிடைக்காது. பாரிசவாதத்துக்கு வந்தவரின் பெயருக்கு எதிரே பாரிசவாதம் என்றே எழுதப்படும்; முதுகின் கீழுள்ள புண் எழுதப்படாமலே போகலாம். போர்வையை விலக்கிப் பார்த்தால்தான் உண்மை தெரியும்.

எதைப் புண் என்கிறோம் என்பதும் முக்கியம். ஐரோப்பாவில் 5 நாடுகளில், 25 வைத்தியசாலைகளில் 5,947 நோயாளரைப் பார்த்த ஆய்வு 2007இல் வெளியாயிற்று. 18.1 வீதத்தினருக்குப் புண் இருந்தது. தோல் உடையாமல் சிவந்திருக்கும் முதற்படியை விட்டுவிட்டால் அது 10.5 வீதமாகக் குறைந்தது. அதே நோயாளர், அதே நாள். வரைவிலக்கணம் மட்டுமே வேறு! நம்மவரின் கறுத்த தோலில் அந்தச் சிவப்பு கண்ணுக்குத் தெரியாது. அவ்விடம் சுடுகிறதா, கல்லுப்போல இறுகியிருக்கிறதா, நோகிறதா என்று தொட்டே அறிய வேண்டும். வெள்ளைத் தோலுக்கு எழுதிய படிவத்தை அப்படியே இறக்கினால் நம் தொகை பொய்யாகக் குறையும்.

இங்கிலாந்தில் 2012 தொடக்கம் 2020 வரை மாதம் ஒரு நாள் நாடு முழுவதும் இப்படி எண்ணினார்கள். இதிலொரு சிக்கல் உண்டு. கவனமாகப் பார்க்கும் விடுதி கூடுதலான புண்ணைக் காணும். பாராமுகமான விடுதி நல்ல பெயர் வாங்கும். ஆகவே தொகை கூடியதென்று தாதியரைத் தண்டித்தால், அடுத்த மாதம் குறைவது புண் அல்ல, பதிவுதான். ஒரு விடுதியை அதன் சென்ற ஆண்டோடு ஒப்பிடுவதே நியாயம்.

கிராமத்திலும் இதைச் செய்யலாம். நோயாளரைப் பார்க்கப் போகிறவர்கள் முகத்தைப் பார்த்து, செபம் சொல்லித் திரும்புகிறார்கள். புண்ணை வெளியே சொன்னால் "மருமகள் பார்க்கவில்லை" என்று ஊர் பேசுமே என வீட்டாரும் மறைப்பார்கள். எனவே பயிற்சி பெற்ற பெண்கள் இருவர், குடும்ப சுகாதார உத்தியோகத்தரோடு, படுக்கையிலுள்ளோர் இருக்கும் வீடுகளுக்கு மூன்று மாதத்துக்கொருமுறை போகட்டும். பெயர் எழுத வேண்டாம். வயது, எத்தனை மாதமாகப் படுக்கை, புண் எங்கே, எந்தப் படி, வைத்தியசாலையிலிருந்து வந்ததா வீட்டில் உண்டானதா, இரவில் புரட்டிவிட ஆள் உண்டா என்பவை போதும். கடைசிக் கேள்விக்கு "இல்லை" என்ற பதில்கள் எத்தனை என்று பார்த்தால், முதலில் தேவைப்படுவது காற்று மெத்தையா, இரவில் முறைவைத்து உதவும் அயலவரா என்பது தெரிந்துவிடும்.