மனநோயாளிக்கு வீடும் வேலையும்: மஹல்லாவின் பொறுப்பு என்ன?

எல்லாப் புகழும் அகிலங்களைப் படைத்துப் பரிபாலிக்கும் அல்லாஹ் ஒருவனுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான கண்மணி நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.

கண்ணியமிக்க ஜமாஅத்தார்களே! சென்ற வாரம் அஸர் தொழுகைக்குப் பிறகு ஒரு பெரியவர் என்னிடம் வந்தார். அவருடைய மகனுக்கு மனச்சிதைவு நோய். எட்டு வருடமாக மாத்திரை சாப்பிட்டு, இப்போது அல்லாஹ்வின் அருளால் அமைதியாக இருக்கிறார். அந்தப் பெரியவர் ஓதிப் பார்க்கச் சொல்லவில்லை, தாவீஸ் கேட்கவில்லை. "ஹஜ்ரத், எனக்கு எழுபது வயசாச்சு. நான் மவுத்தான பிறகு இவன் எங்க இருப்பான்? இவனுக்கு யார் வீடு குடுப்பா, யார் வேலை குடுப்பா?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லி விடுகிறேன். எட்டு வருடத்திற்கு முன்னால் இதே மனிதர், மகன் தூங்குவதில்லை, தனியாகப் பேசுகிறான் என்று அழுதுகொண்டு என்னிடம் வந்தார். நான் தண்ணீர் ஓதிக் கொடுத்து அனுப்பினேன். ஓதியதில் தவறில்லை. ஆனால் டாக்டரிடம் காட்டினீர்களா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்தக் கேள்வியைக் கேட்காததால் அந்தக் குடும்பத்திற்கு ஏழு மாதம் வீணானது. அல்லாஹ் என்னை மன்னிப்பானாக. அந்தக் கடனும் இந்த உரைக்கு ஒரு காரணம்.

இப்படிப்பட்டவர்களிடம் நம் நபி (ஸல்) அவர்கள் எப்படி நடந்தார்கள்? ஸஹீஹ் முஸ்லிமில் அனஸ் (ரழி) அறிவிக்கும் ஒரு செய்தி இருக்கிறது. மதீனாவில் ஒரு பெண், அவருடைய அறிவில் ஏதோ கோளாறு. அவர் வந்து, உங்களிடம் எனக்கு ஒரு காரியம் ஆக வேண்டும் என்கிறார். நபியவர்கள் அவரை மரியாதையாக, இன்னாரின் தாயே என்று அழைத்து, எந்தத் தெருவில் நின்று பேச விரும்புகிறீரோ அதை நீரே சொல்லும் என்றார்கள். அவரோடு ஒரு வழியோரத்தில் நின்று, அவர் சொல்லி முடிக்கும்வரை கேட்டார்கள். கவனியுங்கள், இடத்தைத் தேர்ந்தெடுத்தது அந்தப் பெண். வீட்டுக்குள் அடைத்து வையுங்கள் என்று நபியவர்கள் யாரிடமும் சொல்லவில்லை. ஊர் மக்கள் நடக்கிற அதே தெருவில் நின்று பேசினார்கள்.

அடுத்தது வேலையைப் பற்றியது. ஒரு நபித்தோழர் இருந்தார். ஹப்பான் இப்னு முன்கித் (ரழி) என்று விரிவுரையாளர்கள் பெயர் சொல்கிறார்கள். அவருடைய அறிவில் பலவீனம் இருந்தது, ஆனாலும் வியாபாரம் செய்வார். சந்தையில் ஏமாற்றி விடுவார்கள். வீட்டார் நபியவர்களிடம் வந்து, இவர் கொடுக்கல் வாங்கல் செய்யத் தடை போடுங்கள் என்று கேட்டார்கள். நபியவர்களும் அவரைக் கூப்பிட்டு வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தார்கள். வியாபாரம் இல்லாமல் என்னால் இருக்க முடியாது என்று அவர் சொன்னார். உடனே தீர்ப்பு மாறுகிறது. விற்கும்போதும் வாங்கும்போதும், ஏமாற்று வேலை கூடாது என்று முதலிலேயே சொல்லிவிடும் என்று கற்றுக் கொடுத்தார்கள். வாங்கிய பொருளைத் திருப்பித் தர மூன்று நாள் அவகாசமும் கொடுத்தார்கள் என்று சில அறிவிப்புகளில் வருகிறது. பிற்காலத்திலும் அவர் ஏமாந்து பொருளைத் திருப்பக் கொண்டு போவார், கடைக்காரர் மறுப்பார். அந்த வழியாகப் போகிற ஒரு நபித்தோழர் நின்று, இவருக்கு மூன்று நாள் அவகாசத்தை அல்லாஹ்வின் தூதர் கொடுத்திருக்கிறார்கள் என்று சாட்சி சொல்வாராம்.

ஃபிக்ஹு நூல்களில் இதை நாம் வியாபாரச் சட்டமாகப் படித்துவிட்டுத் தாண்டி விடுகிறோம். உள்ளே இருக்கிற மனிதரைப் பாருங்கள். வேலை செய்யட்டும் என்று விட்டார்கள், கூடவே ஒரு ஏற்பாட்டையும் கொடுத்தார்கள். அந்த ஏற்பாட்டை ஊரே காப்பாற்றியது. இன்றைக்கு மனநல மருத்துவர்கள் 'ஆதரவுடன் கூடிய வேலை' என்று சொல்வது ஏறக்குறைய இதுதான். வருடக்கணக்கில் பயிற்சி கொடுத்துத் தகுதி வந்த பிறகு வேலை என்று காத்திருக்காமல், அவர் விரும்புகிற ஒரு வேலையில் முதலில் சேர்த்து விடுவது, கூட ஓர் ஆள் இருந்து பழக்குவது.

நாம் என்ன செய்தோம் என்பதையும் பார்க்க வேண்டும். 2001 ஆகஸ்ட் 6, இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடி. விடியற்காலையில் ஒரு கொட்டகையில் தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்கள் மனநோயாளிகள், சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்கள். 28 பேர் இறந்து போனார்கள். ஓட முடியவில்லை. நோய்க்குத் தண்டனை அது என்று நினைத்துவிடாதீர்கள், சங்கிலிதான் காரணம். நடத்தியவர்களுக்கு நீதிமன்றம் சிறைத்தண்டனை கொடுத்தது, அது அவர்கள் கணக்கு. நான் குடும்பங்களைப் பற்றிக் கேட்கிறேன். எல்லா மதத்தாரும், பல ஊர்களிலிருந்தும் கொண்டு வந்து விட்டுப் போன பிள்ளைகள் அவர்கள். ஏன் விட்டுப் போனார்கள்? கல் நெஞ்சம் என்று சொல்லிவிட முடியாது. ஊரில் வைத்துக்கொள்ள இடம் இல்லை, உதவி இல்லை, தங்கைக்குக் கல்யாணம் நின்று போகும் என்ற பயம். அந்தப் பயத்தைக் கொடுத்தது யார்? நாம்தான்.

2017-ன் மனநலப் பாதுகாப்புச் சட்டம் சங்கிலியை எந்த வடிவத்திலும் தடை செய்துவிட்டது. அதே சட்டத்தின் 19-வது பிரிவு இன்னொன்றும் சொல்கிறது: குடும்பம் ஏற்கவில்லை, வீடு இல்லை என்கிற காரணத்தால் மட்டும் ஒருவரை மனநல மருத்துவமனையிலேயே வைத்திருக்கக் கூடாது. அவருக்குச் சமுதாயத்தில் மற்றவர்களோடு வாழும் உரிமை இருக்கிறது. சட்டம் சொல்லிவிட்டது. ஆனால் குணமான பிறகும் கூப்பிட்டுப் போக ஆள் வராமல் மருத்துவமனைகளில் வருடக்கணக்கில் கிடப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

முடியாத காரியமா இது? சென்னையில் 1993-ல் வந்தனா கோபிகுமார், வைஷ்ணவி ஜெயக்குமார் என்ற இரண்டு இளம் பெண்கள், தெருவில் திரிந்த மனநோயாளிப் பெண்களுக்காகத் 'தி பான்யன்' என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். 2015 முதல் அவர்கள் 'ஹோம் அகெய்ன்' என்று ஒன்று நடத்துகிறார்கள். சாதாரணத் தெருவில் சாதாரண வாடகை வீடு. நாலைந்து பேர் சேர்ந்து குடும்பம் போல இருப்பார்கள். உதவிக்கு ஒரு பணியாளர். சமையல், மார்க்கெட், பக்கத்து வீட்டாரோடு பேச்சு, முடிந்தவர்களுக்கு வேலை. வெளியே பலகை கிடையாது, பூட்டு கிடையாது. பல வருடம் நிறுவனங்களில் கிடந்தவர்கள் இப்படி வாழ்கிறார்கள். அவர்களால் முடிந்தது, பைத்துல்மால் வைத்திருக்கிற நமக்கு ஏன் முடியாது? கெய்ரோவில் சுல்தான் கலாவூன் 1284-ல் கட்டிய மருத்துவமனையில் மனநோயாளிகளுக்கும் இடம் இருந்தது, செலவெல்லாம் வக்ஃப் வருமானம். நம் முன்னோர்களின் பெருமை பேசுகிறோமே, இதையும் பேச வேண்டாமா?

அந்நிஸா அத்தியாயத்தின் 5-வது வசனத்தில், பொருளை நிர்வகிக்க இயலாதவர்களிடம் பொருளை ஒப்படைக்காதீர்கள் என்று அல்லாஹ் சொல்கிறான். அதோடு நிறுத்தவில்லை. அதில் அவர்களுக்கு உணவளிக்கவும், உடை கொடுக்கவும், நல்ல வார்த்தை பேசவும் கட்டளையிடுகிறான். இங்கே 'மின்ஹா', அதாவது 'அதிலிருந்து' என்று வரவில்லை, 'ஃபீஹா', 'அதில்' என்று வருகிறது. முதலை எடுத்துத் தின்னக் கொடுத்துத் தீர்த்து விடாமல், அதை வியாபாரத்தில் போட்டு, வரும் லாபத்தில் அவரைப் பராமரியுங்கள் என்று முஃபஸ்ஸிர்கள் இதிலிருந்து விளக்கம் எடுக்கிறார்கள். பெரியவர் கேட்ட கேள்விக்கு ஒரு பாதி பதில் இதில் இருக்கிறது. (மனநோய் வந்தவரெல்லாம் நிர்வாகம் தெரியாதவர் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பெரும்பாலானவர்கள் தங்கள் கணக்கைத் தாங்களே பார்த்துக்கொள்வார்கள். அவர்களின் சொத்தைப் பிடுங்குவதற்கு இந்த வசனத்தைக் காட்டுபவர்களும் உண்டு.)

மற்ற பாதியை நாம்தான் செய்ய வேண்டும். நம் பள்ளிவாசல் கடைகளின் மாடியில் இரண்டு அறைகள் பூட்டிக் கிடக்கின்றன. அவை பள்ளிக்கு வக்ஃப் செய்யப்பட்டவை, இலவசமாகக் கொடுக்க நமக்கு அதிகாரம் இல்லை, ஊர் நடப்பு வாடகை பள்ளிக்கு வந்தாக வேண்டும். அந்த வாடகையையும் உதவியாளரின் சம்பளத்தையும் ஸதகா நிதியிலிருந்து கொடுக்கலாம். ஜகாத் பணத்தை அதற்கு எடுக்கக் கூடாது. தங்குகிறவர் ஜகாத்திற்குத் தகுதியான ஏழையாக இருந்தால், அவர் கையிலோ, அவர் இயலாதவரானால் அவருடைய பொறுப்பாளர் கையிலோ ஜகாத்தைக் கொடுக்கலாம், அவர் தன் சாப்பாட்டுக்குச் செலவு செய்துகொள்வார். முத்தவல்லியிடம் இதைப் பேசியிருக்கிறேன். வக்ஃப் பத்திரத்தைப் பார்த்துவிட்டுச் சொல்வதாகச் சொன்னார்.

வேலைக்கு வருவோம். நம் மஹல்லாவில் ஓர் இரும்புக் கடை பாய், இப்படிப்பட்ட ஒரு தம்பியை வைத்திருக்கிறார். இரவு மாத்திரையின் மயக்கம் காலையில் தெளியாது என்பதால் பதினோரு மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார். போல்ட்டு, நட்டு எண்ணிப் பொட்டலம் போடுவது வேலை. கூட்டம் அதிகமானால் குடோனுக்குப் போய்ப் பத்து நிமிடம் உட்கார்ந்துவிட்டு வரலாம். மற்றவர்கள் வாங்குகிற மணிக்கூலியேதான் இவருக்கும். இதில் என்ன பெரிய செலவு? ரமலானில் மட்டும் கவனம் வேண்டும்: லித்தியம் போன்ற மாத்திரை சாப்பிடுபவர்கள் தண்ணீர் குறைந்தால் ஆபத்து, டாக்டரைக் கேட்காமல் நோன்பு வைக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்தாதீர்கள்.

2016-ன் மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் மனநோயும் சேர்ந்திருக்கிறது. பாதிப்பு 40 சதவீதமோ அதற்கு மேலோ என்று சான்றிதழ் இருந்தால் அரசு வேலை ஒதுக்கீட்டில் விண்ணப்பிக்கலாம். சான்றிதழ் வாங்க வெட்கப்பட்டு வீட்டிலேயே வைத்திருக்கும் குடும்பங்கள் நம் தெருவிலேயே இருக்கின்றன. படிவம் நிரப்பத் தெரியாதவர்கள் லுஹருக்குப் பிறகு பள்ளி அலுவலகத்திற்கு வாருங்கள். யாரிடமும் சொல்ல மாட்டோம். அவசரமாக மனநல ஆலோசனை தேவைப்பட்டால் 14416 என்ற அரசு எண்ணுக்கு எந்த நேரத்திலும் இலவசமாகப் பேசலாம்.

எழுதுகோல் உயர்த்தப்பட்ட மூவரில் சித்தம் கலங்கியவரும் ஒருவர், அவர் தெளியும்வரை. அது அவருடைய கணக்கு. நம்முடைய எழுதுகோல் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

இன்ஷா அல்லாஹ் ஞாயிற்றுக்கிழமை மஃரிபுக்குப் பிறகு இது பற்றி உட்கார்ந்து பேசுகிறோம். வீட்டை வாடகைக்குத் தர மனமுள்ள ஒருவர், அரைநாள் வேலை தரக்கூடிய இரண்டு கடைக்காரர்கள், வாரம் ஒரு முறை போய்ப் பார்த்துவிட்டு வரக்கூடிய நாலு இளைஞர்கள் வந்தால் போதும், தொடங்கிவிடலாம். அந்தப் பெரியவரையும் மகனையும் வரச் சொல்லியிருக்கிறேன். எந்த வீடு, யாரோடு, என்ன வேலை என்பதை அந்தத் தம்பியிடமே கேட்போம்.

வ ஆகிரு தஃவானா அனில் ஹம்து லில்லாஹி ரப்பில் ஆலமீன்.