ஜோகுபாளையமா, இந்திரா நகரா: பாதுகாப்பை எப்படி ஒப்பிடுவது?

பிள்ளைக்குப் பெங்களூரில் வேலை கிடைத்ததும் நம்மூர்ப் பெற்றோர் கேட்கும் முதல் கேள்வி, “அது நல்ல ஏரியாவா?” ஜோகுபாளையத்தில் ஒரு வீடு கிடைக்கிறது. வாடகை கட்டுப்படியாகிறது, ஹலசூரு மெட்ரோ நிலையம் நடக்கிற தூரம், தெருவில் இறங்கினால் தமிழ் காதில் விழுகிறது. அட்வான்ஸ் கொடுக்கப் போகும் நேரத்தில் யாரோ ஒருவர், “அது ஒரு மாதிரியான இடம், இந்திரா நகர்ப் பக்கம் பாருங்க” என்று சொல்லிவிடுகிறார். அதோடு தேடல் மறுபடி தொடங்குகிறது, வாடகையும் ஏறுகிறது. அப்படிச் சொன்னவரிடம் என்ன ஆதாரம் என்று யாரும் கேட்பதில்லை. சந்து குறுகல், வீடுகள் நெருக்கம், இருப்பவர்கள் உழைத்துப் பிழைப்பவர்கள் என்பதெல்லாம் குற்றத்துக்குச் சாட்சி ஆகாது. இதை நான் அழுத்தியே சொல்வேன்.

இணையத்தில் தேடினால் நம்பியோ போன்ற தளங்கள் ஊருக்கு ஊர் ‘குற்றக் குறியீடு’ தரும். அது தளத்துக்கு வருகிறவர்கள் பதிந்த அபிப்பிராயங்களின் தொகுப்பு, காவல்துறைக் கணக்கல்ல. அரசுக் கணக்கு வேண்டுமென்றால் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் ஆண்டறிக்கை இருக்கிறது. ஆனால் அது பெங்களூர் முழுவதற்கும் ஒரே எண்ணைத் தருகிறது. தெருவுக்கோ வார்டுக்கோ இறங்குவதில்லை. மாநகரங்களுக்கு ஒரு லட்சம் பேருக்கு இத்தனை குற்றம் என்று அது வகுப்பதும் 2011 மக்கள்தொகையை வைத்துத்தான். அதற்குப் பின் பெங்களூர் எவ்வளவு பெருத்துவிட்டது என்பது ஊரறிந்தது. ஒரே சம்பவத்தில் பல குற்றங்கள் நடந்திருந்தாலும் பெரிய குற்றம் ஒன்றைத்தான் அது எண்ணும். தவிர, அந்தப் பெரிய எண்ணில் ஒரு பெரும் பங்குக்குத் தெருவே கிடையாது. பெங்களூரில் 2022இல் 9,940 ஆக இருந்த சைபர் குற்ற வழக்குகள் 2023இல் 17,631 ஆகின. ஓ.டி.பி. கேட்டு ஏமாற்றுகிறவனுக்கு நீங்கள் ஜோகுபாளையத்தில் இருந்தால் என்ன, கோரமங்களாவில் இருந்தால் என்ன?

ஆக, பிடிக்க வேண்டிய அலகு காவல் நிலைய எல்லை. ஜோகுபாளையம் பெரும்பாலும் ஹலசூரு காவல் நிலையத்தின் கீழ் வருகிறது. பக்கத்தில் இந்திரா நகருக்கும் ஜீவன் பீமா நகருக்கும் தனித்தனி நிலையங்கள். நீங்கள் பார்த்திருக்கும் வீடு எதன் கீழ் வருகிறது என்பதை அந்தத் தெருக் கடைக்காரரிடமே கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். வார்டு எல்லையும் ஸ்டேஷன் எல்லையும் ஒன்றல்ல. 2025 செப்டம்பரில் பழைய மாநகராட்சி ஐந்தாகப் பிரிந்துவிட்டதால் பழைய வார்டு வாரிக் கணக்கை இன்றைக்குப் பொருத்துவதும் வீண். இன்னொரு எச்சரிக்கை: ‘ஹலசூரு கேட்’ என்று வேறொரு காவல் நிலையம் உண்டு. அது நகரத்பேட்டைப் பக்கம், கிலோமீட்டர் கணக்கில் தள்ளி இருக்கிறது. செய்தியில் அந்தப் பெயரைப் பார்த்துவிட்டு ஹலசூரு என்கிற அல்சூர் ஏரிக் கரையில் நடந்ததாக நினைத்துப் பயப்படுகிறவர்கள் இருக்கிறார்கள்.

எல்லை தெரிந்தபின் எஃப்.ஐ.ஆர்.களைப் பாருங்கள். 2016இல் உச்ச நீதிமன்றம் இட்ட உத்தரவுப்படி, பாலியல் குற்றம் போன்ற நுண்மையான வழக்குகள் நீங்கலாக மற்ற எஃப்.ஐ.ஆர்.களைக் காவல்துறை இணையத்தில் ஏற்ற வேண்டும். கர்நாடகக் காவல்துறைத் தளத்தில் நிலையத்தைத் தேர்ந்தெடுத்துத் தேடலாம். எஃப்.ஐ.ஆர். எண் ஒவ்வொரு நிலையத்திலும் ஜனவரியில் ஒன்றிலிருந்து தொடங்கி வரிசையாக ஓடும். டிசம்பர் கடைசியில் பதிவான எண்ணைப் பார்த்தால், அந்த நிலையம் ஆண்டு முழுக்க எத்தனை வழக்குப் பதிந்தது என்பது ஏறத்தாழத் தெரிந்துவிடும். உள்ளே கன்னடமாக இருந்தாலும் சட்டப் பிரிவு எண்ணில் இருக்கிறது. பாரதிய நியாய சன்ஹிதாவில் 303 திருட்டு, 305 வீட்டுக்குள் திருட்டு, 331 வீடு புகுதல், 304 பறிப்பு. செயின் பறிப்பு, மொபைல் பறிப்பு ஆகியவற்றுக்கு இப்படித் தனிப் பிரிவு வந்தது 2024 ஜூலை 1 முதல்தான். அதற்கு முந்தைய ஆண்டோடு ஒப்பிட்டு “பறிப்பு கூடிவிட்டது” என்று சொல்லக் கூடாது.

மொத்த எண்ணிக்கையை வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். இந்திரா நகரின் 100 அடி சாலையிலும் சி.எம்.எச். ரோட்டிலும் வார இறுதியில் கூடும் கூட்டம் அங்கே குடியிருப்பவர்கள் அல்ல. பப் வாசல் சண்டையும் தொலைந்த பர்ஸும் அந்த நிலையத்தின் கணக்கில் ஏறும். குடியிருப்புத் தெருவுக்கும் அதற்கும் சம்பந்தம் குறைவு. புகார் கொடுத்தால் தட்டிக் கழிக்காமல் பதிகிற நிலையத்தின் எண்ணும் கூடுதலாகவே தெரியும். 2013இல் லலிதா குமாரி வழக்கில், பிடியாணை இல்லாமலே கைது செய்யத்தக்க குற்றம் என்று தகவல் வந்தால் எஃப்.ஐ.ஆர். பதிந்தே ஆக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. நடைமுறையில் காணாமல் போன பல மொபைல்கள், தொலைந்த பொருளுக்குக் காவல்துறை தரும் ‘இ-லாஸ்ட்’ ரசீதோடு நின்றுவிடுகின்றன. திருட்டாகக் கணக்கில் வருவதில்லை.

அதனால் நான் முதலில் நம்பி ஒப்பிடுவது வண்டித் திருட்டை. எஃப்.ஐ.ஆர். இல்லாமல் இன்ஷூரன்ஸ் பணம் வராது என்பதால், வண்டி போனவர் விடாமல் நின்று பதிந்துவிட்டுத்தான் வருவார். அடுத்தபடியாக இரவில் பூட்டு உடைத்துப் புகுந்த வழக்குகள். இந்த இரண்டையும் ஓரிரண்டு ஆண்டுக்கு, இரண்டு நிலையங்களுக்கும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். சம்பவம் நடந்த இடத்தின் பெயரையும் பாருங்கள். ஒரே நிலையத்துக்குள் ஒரு குறிப்பிட்ட சாலையே திரும்பத் திரும்ப வருகிறதா என்பதுதான் கேள்வி.

மகளுக்கு வீடு பார்க்கிறவர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். பாலியல் குற்ற வழக்குகள் இணையத்தில் ஏற்றப்படுவதில்லை, அது சரியும்கூட. தெருவில் நடக்கும் சீண்டல்கள் பெரும்பாலும் ஸ்டேஷன் வரை போவதே இல்லை. ஆகவே பட்டியல் காலியாக இருப்பதைப் பார்த்து நிம்மதி அடைய முடியாது. அந்த வழியில் தினமும் நடக்கும் பெண்களிடம்தான் கேட்க வேண்டும்: பூக்கட்டுகிற அம்மா, வீட்டு வேலைக்குப் போகும் அக்கா, பக்கத்துப் பி.ஜி. விடுதியில் இருக்கும் பெண்கள். “இது சேஃபா?” என்று கேட்டால் “சேஃப்தாம்மா” என்றுதான் பதில் வரும். “ராத்திரி எத்தனை மணி வரைக்கும் இந்த வழியா தனியா வருவீங்க? அதுக்கப்புறம் எந்த வழியா சுத்தி வருவீங்க?” என்று கேளுங்கள். எந்தத் திருப்பம், எந்த மதுக்கடை, எந்தக் காலி மனை என்று அவர்கள் விரல் நீட்டிக் காட்டுவார்கள்.

பிறகு நீங்களே நடங்கள். வீடு பார்ப்பது பகலில். பிள்ளை திரும்புவது இரவு ஒன்பதரைக்கு. அந்த நேரத்துக்கு ஹலசூரு மெட்ரோவில் இறங்கி, பழைய மெட்ராஸ் ரோட்டைத் தாண்டி வீட்டு வாசல் வரை போய்ப் பாருங்கள். டெல்லியில் கல்பனா விஸ்வநாத் 2013இல் தொடங்கிய ‘சேஃப்டிபின்’ ஒரு தெருவை வெளிச்சம், பார்வை, நடமாட்டம், நடைபாதை, பெண்கள் கண்ணில் படுகிறார்களா என்றெல்லாம் தனித்தனியாக மதிப்பிடும். நீங்களும் அப்படியே பாருங்கள். ஜோகுபாளையத்துக் குறுக்குச் சந்துகளில் வீட்டுக் கதவுகள் தெருவை ஒட்டியே இருக்கும்; கதவைத் திறந்து வைத்து உட்கார்ந்திருப்பார்கள், பேக்கரியில் ஆள் இருக்கும். இந்திரா நகர் லேஅவுட் பக்கம் அகலமான சாலை, உயரமான சுவர், மரம் மறைக்கும் விளக்கு. கூப்பிட்டால் யார் காதிலாவது விழுமா என்பது சந்தேகம். இதனால் சந்துதான் மேல் என்று முடிவு கட்டிவிட வேண்டாம். அதே சந்தில் மூன்று வீடு தள்ளி விளக்கு எரியாத மூலை இருக்கலாம். விளக்கு எரியவில்லை என்றால் 1533க்குப் புகார் கொடுக்கலாம். சரிசெய்ய எத்தனை நாள் ஆகிறது என்பதும் அந்த ஏரியாவைப் பற்றி ஒரு செய்திதான்.

வயதானவர்கள் வேறொரு அளவுகோல் வைத்திருக்கிறார்கள்: “நம்ம ஆளுங்க இருக்கிற இடமா?” 1991 டிசம்பரில் தமிழர்கள் தாக்கப்பட்ட காவிரிக் கலவரத்தைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கேள்வி நியாயமானது, அதை நான் சிறுமைப்படுத்த மாட்டேன். அல்சூர், ஜோகுபாளையம் வட்டாரத்தில் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழ்கின்றன. அவசரத்துக்குக் கதவைத் தட்ட மொழி ஒரு பலம்தான். ஆனால் மொழி தெரிந்த தெரு என்பதற்காகப் பூட்டைச் சோதிக்காமல் விடக் கூடாது.

வாசலுக்கு உள்ளே இருக்கும் ஆபத்தை ஏரியாவின் பெயர் சொல்லாது. 2024 ஜூலையில் கோரமங்களாவில், எல்லோரும் ‘நல்ல ஏரியா’ என்று சொல்கிற இடத்தில், பெண்கள் பி.ஜி. ஒன்றுக்குள்ளேயே ஒருவன் நுழைந்து ஓர் இளம்பெண்ணைக் கொன்றான். அதன்பின் மாநகராட்சி பி.ஜி.களுக்கு விதிகளை இறுக்கியது; நுழைவாயில்களில் கேமரா இருக்க வேண்டும், பதிவை 90 நாள் வைத்திருக்க வேண்டும் என்றது. கேமரா மாட்டியிருப்பதைக் காட்டினால் போதாது. நேற்றிரவுப் பதிவைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். இரவில் கேட்டைத் திறக்கிறவர் யார், வெளியாள் வந்தால் எழுதி வைக்கிறார்களா என்று கேளுங்கள். தனி வீடு என்றால் மொட்டை மாடிக் கதவையும் பின் பக்கத்து ஜன்னல் கம்பியையும் பாருங்கள். முந்தைய வாடகைக்காரரிடம் சாவி இருந்திருக்கும் என்பதால் பூட்டை மாற்றிவிடுங்கள்.

இவ்வளவும் பார்த்த பின்னும் இரண்டு வீடும் சமமாகவே தெரிந்தால், மெட்ரோவிலிருந்து நடை குறைவான வீட்டை எடுங்கள். குடியேறிய வாரத்திலேயே உங்கள் காவல் நிலையத்துக்கு ஒரு நடை போய், உங்கள் தெருவுக்கு உரிய பீட் கான்ஸ்டபிள் யார் என்று கேட்டு, எண்ணை வாங்கி, 112க்குப் பக்கத்தில் பதிந்து வையுங்கள்.