குழந்தையின் விபத்து வழக்கும் வக்கீலின் தாமதமும்



சாலை விபத்தில் காயப்பட்ட குழந்தைக்காகப் போடப்படும் இழப்பீட்டு வழக்கில் மனுதாரர் அந்தக் குழந்தைதான். பதினெட்டு வயது நிரம்பாதவர் தாமாக வழக்கு நடத்த முடியாது என்பதால் தந்தையோ தாயோ காப்பாளராக நின்று மனுவில் கையெழுத்துப் போடுகிறார். வக்காலத்தில் கையெழுத்திட்டு வக்கீலை அமர்த்துபவரும் அவரே. ஆனால் வரும் பணம் குழந்தையுடையது. தாமதத்தால் போகும் பணமும் குழந்தையுடையதே. வக்கீல் காலம் கடத்தும்போது பெற்றோர் வாய் திறக்காமல் இருந்தால், அதன் நட்டம் பேசத் தெரியாத அந்தக் குழந்தையின் தலையில் விழுகிறது. தாமதத்தை எதிர்கொள்ளும் முறையை இந்த இடத்திலிருந்துதான் யோசிக்கத் தொடங்க வேண்டும்.

தாமதம் எவ்வளவு நீளக்கூடும் என்பதற்கு உச்ச நீதிமன்றம் வரை சென்ற ஒரு வழக்கே சான்று. 2007 அக்டோபரில், பெற்றோருடன் டிராக்டரில் போய்க்கொண்டிருந்த 12 வயதுச் சிறுமி லாரி மோதித் தலையில் படுகாயம் அடைந்தாள். அவளுடைய மனவளர்ச்சி ஒன்பது மாதக் குழந்தையின் அளவுக்குச் சுருங்கிவிட்டதாக மருத்துவர்கள் கண்டார்கள். மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் சுமார் 11 இலட்சம் ரூபாய் கொடுத்தது. பஞ்சாப்–ஹரியானா உயர் நீதிமன்றம் அதை 25 இலட்சத்துக்கு மேல் உயர்த்தியது. உச்ச நீதிமன்றம் 62.27 இலட்சமாக உயர்த்தி, ஏழரை சதவீத வட்டியும் சேர்த்துத் தீர்ப்பளித்தபோது 2020 பிப்ரவரி ஆகியிருந்தது. வாழ்நாள் முழுவதும் துணைக்கு ஆள் வைக்கும் செலவு, வளர்ந்திருந்தால் ஈட்டியிருக்கக்கூடிய வருமானம் ஆகியவை கணக்கில் வந்ததால்தான் தொகை அவ்வளவு உயர்ந்தது. சோர்ந்து பாதியில் விட்டிருந்தால் அந்தக் குடும்பத்துக்கு 11 இலட்சமே மிஞ்சியிருக்கும். அதே வேளையில், ஒரு சிறுமியின் பன்னிரண்டு ஆண்டுகள் அந்த வழக்கிலேயே கழிந்தன என்பதையும் மறக்கக் கூடாது.

எல்லாத் தாமதமும் வக்கீலின் குற்றமல்ல. குழந்தையின் எலும்பு முனைகளில் வளர்ச்சித் தட்டு என்ற பகுதி இருக்கிறது. அது நசுங்கினால் கை கால் குட்டையாகவோ கோணலாகவோ வளர்ந்தது சில ஆண்டுகள் கழித்தே தெரியவரும். அவசரப்பட்டு ஊனத்தின் அளவை மதிப்பிட்டால் பிற்காலப் பாதிப்பு விடுபட்டுப் போகும். ஆகவே, சிகிச்சை முடியட்டும் என்று ஒரு வக்கீல் சொன்னால் அதில் நியாயம் இருக்கலாம். ஆனால் அந்தக் காத்திருப்பு ஊன மதிப்பீட்டுக்கு மட்டுமே பொருந்தும். மனுவைத் தாக்கல் செய்வதற்குப் பொருந்தாது. மனுவை முதலில் போட்டுவிட்டு, மருத்துவக் குழுவின் சான்றிதழைப் பிறகு சேர்க்கலாம்.

தாக்கலில் காலம் கடத்துவதுதான் மிகவும் ஆபத்தானது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 166ஆம் பிரிவில் செய்யப்பட்டு 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் மனு போட வேண்டும். இந்த வரம்பு செல்லுமா என்ற கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. அதன் முடிவை நம்பிக் காத்திருப்பது அறிவுடைமை ஆகாது. பள்ளிச் சுவர் இடிந்து விழுந்தது போன்ற சாதாரண சிவில் வழக்கில், 1963ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டம் 6ஆம் பிரிவின் கீழ் மைனருக்குச் சலுகை தருகிறது. காலக் கணக்கு அவர் மேஜரான பிறகே தொடங்கும். விபத்துத் தீர்ப்பாய மனுவுக்கும் அதே சலுகை கிடைக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. இன்னொரு நட்டமும் உண்டு. தீர்ப்பாயம் தரும் வட்டி விபத்து நாளிலிருந்து ஓடுவதில்லை. மனு போட்ட நாளுக்கு முந்தைய காலத்துக்கு வட்டி கிடையாது. மனு ஓராண்டு தள்ளிப்போனால் ஓராண்டு வட்டி போயிற்று.

2022 ஏப்ரல் 1 முதல் நடந்த விபத்துகளில் காவல்துறைக்கும் கெடு உண்டு. முதல் விபத்து அறிக்கையை 48 மணி நேரத்திலும், விரிவான விபத்து அறிக்கையை 90 நாளிலும் தீர்ப்பாயத்துக்கு அனுப்ப வேண்டும். அந்த அறிக்கையையே தீர்ப்பாயம் இழப்பீட்டு மனுவாக எடுத்துக்கொள்ளவும் சட்டம் இடம் தருகிறது. "போலீஸ் பேப்பர் வரவில்லை" என்று வக்கீல் சொல்லும்போது, எந்த அறிக்கை, எந்த நிலையத்தில் நிற்கிறது என்று கேட்டு, நிலையத்துக்கே நேரில் போய் விசாரித்துவிடலாம்.

மனுவுக்கு எண் இடப்பட்ட பிறகு வரும் தாமதத்தை வாய்ப்பேச்சால் அளக்க முடியாது. தமிழ்நாட்டில் இத்தகைய மனுக்கள் எம்.சி.ஓ.பி. (மோட்டார் விபத்து இழப்பீட்டு அசல் மனு) என்ற வரிசையில் எண்ணிடப்படுகின்றன. ஒவ்வொரு வழக்குக்கும், எழுத்தும் எண்ணும் கலந்து 16 இடங்கள் கொண்ட சி.என்.ஆர். எண் ஒன்றும் உண்டு. இ-கோர்ட்ஸ் செயலியில் அந்த எண்ணைப் போட்டால் எல்லா வாய்தாக்களும் வரிசையாகத் தெரியும். ஒவ்வொரு வாய்தாவும் எதற்காகப் போடப்பட்டது என்ற குறிப்பு எதிரே இருக்கும். அந்தக் குறிப்புதான் முக்கியம். எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் போவதற்கான பேட்டா கட்டவில்லை என்று மூன்று வாய்தா தொடர்ந்து இருந்தால், தாமதம் நம் வக்கீல் அலுவலகத்தில் இருக்கிறது. இன்சூரன்ஸ் கம்பெனியின் பதிலுரைக்காக என்றிருந்தால் எதிர்த்தரப்பு இழுக்கிறது. மருத்துவக் குழு அறிக்கைக்காக என்றால் மருத்துவமனையில் தேங்கி நிற்கிறது. நீதிபதி விடுப்பு, பணியிடம் காலி என்றால் யாரையும் நோவதில் பயனில்லை. மனுதாரர் சாட்சி விசாரணைக்காக என்று திரும்பத் திரும்ப வந்தும், சாட்சி சொல்ல வேண்டிய தந்தையை ஒரு முறைகூட அழைக்கவில்லை என்றால், அது தெளிவான அலட்சியம். செயலியில் பார்க்கத் தெரியாத குடும்பத்துக்கு வீட்டில் படித்த பிள்ளை செய்யக்கூடிய முதல் உதவி, இந்த வாய்தாப் பட்டியலை ஒரு நோட்டில் எழுதிவைப்பது.

பட்டியல் கையில் இருந்தால் வக்கீலிடம் பேசுவது எளிது. முதல் பேச்சு மரியாதையாகவும் குறிப்பாகவும் இருக்க வேண்டும். "கேஸ் என்ன ஆச்சு சார்?" என்று கேட்டால், "நடந்துக்கிட்டிருக்கு" என்ற பதில்தான் வரும். "போன மூன்று வாய்தாவும் பேட்டாவுக்காகப் போயிருக்கிறது, அடுத்த வாய்தாவுக்குள் கட்ட என்ன வேண்டும்?" என்று கேட்டால் பதில் சொல்லியே ஆக வேண்டும். சீனியர் கிடைக்காவிட்டால் ஜூனியரையோ குமாஸ்தாவையோ பார்க்கலாம். வழக்குக் கட்டு எந்த நிலையில் இருக்கிறது என்பது பெரும்பாலும் அவர்களுக்கே நன்றாகத் தெரியும். குடும்பம் தரவேண்டிய மருத்துவச் சீட்டு, எக்ஸ்ரே, டிஸ்சார்ஜ் சம்மரி, பள்ளிச் சான்றிதழ், வயதுச் சான்று ஆகியவற்றின் நகல்கள் கொடுக்கப்பட்டுவிட்டனவா என்றும் அப்போதே உறுதிசெய்துகொள்ள வேண்டும். அசல் ஆவணம் கொடுத்தால் பட்டியல் எழுதிக் கையெழுத்து வாங்குவது நல்லது.

பேச்சுக்குப் பலன் இல்லையென்றால் எழுத்துக்குப் போக வேண்டும். கடிதம் நீளமாக இருக்கத் தேவையில்லை: "ஐயா, வணக்கம். என் மகளுக்காகத் தாங்கள் நடத்தும் எம்.சி.ஓ.பி. வழக்கு கடந்த மூன்று வாய்தாக்களிலும் எங்கள் தரப்புச் சாட்சி விசாரணைக்காகத் தள்ளிவைக்கப்பட்டுள்ளது. அடுத்த வாய்தாவில் நான் சாட்சி சொல்ல வரத் தயாராக இருக்கிறேன். பிரமாண வாக்குமூலம் தயாரிக்க என்று வர வேண்டும் எனப் பதினைந்து நாளுக்குள் தெரிவிக்க வேண்டுகிறேன்." வழக்கு எண்ணும் தேதியும் சேர்த்து, சேர்ப்புச் சான்றுடன் ஸ்பீட் போஸ்டில் அனுப்பி, ரசீதையும் நகலையும் வைத்துக்கொள்ள வேண்டும். பழி சுமத்தும் ஒரு சொல்லும் இதில் இல்லை. பல வழக்குகள் இந்த ஒரு கடிதத்திலேயே நகரத் தொடங்கும். நகராவிட்டால் பிறகு எங்கு முறையிட்டாலும் இதுவே ஆதாரம்.

அடுத்தது வக்கீலை மாற்றுவது. அது கட்சிக்காரரின் உரிமை. வழக்கமாகப் பழைய வக்கீல் வக்காலத்தில் ஆட்சேபமில்லை என்று எழுதிக் கையெழுத்திடுவார். புதியவர் தம் வக்காலத்தைத் தாக்கல் செய்வார். பழையவர் மறுத்தால் நீதிமன்றத்தில் மனுப் போட்டு அனுமதி பெறலாம். ஃபீஸ் பாக்கி என்று சொல்லிக் கட்டைப் பிடித்துவைக்க வக்கீலுக்கு உரிமை இல்லை. ஆர்.டி. சக்சேனா வழக்கில் உச்ச நீதிமன்றம் 2000ஆம் ஆண்டிலேயே இதைத் தீர்த்துவைத்தது. பாக்கியை வசூலிக்க அவருக்கு வேறு சட்ட வழி உண்டு. குழந்தையின் ஆவணங்களைப் பணயம் வைக்க முடியாது. வருகிற இழப்பீட்டில் இத்தனை சதவீதம் எனக்கு என்று வக்கீல் ஒப்பந்தம் செய்துகொள்வதும் அகில இந்திய பார் கவுன்சில் விதிகளால் தடுக்கப்பட்ட செயல். வெற்றுத் தாளிலோ நிரப்பாத காசோலையிலோ எந்தக் காப்பாளரும் கையெழுத்துப் போடக் கூடாது.

வக்கீல் ஆஜராகாமல் வழக்கே தள்ளுபடியாகிவிட்டால் அன்றிலிருந்து நாள்களை எண்ண வேண்டும். 30 நாளுக்குள் மனுப் போட்டு வழக்கை மீட்கலாம். அதைத் தாண்டினால் தாமதத்தைப் பொறுத்தருளும்படி தனி மனு வேண்டும். வக்கீலின் தவறுக்காகக் குற்றமற்ற கட்சிக்காரர் துன்பப்படக் கூடாது என்று 1981இல் ரஃபீக் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் கட்சிக்காரரும் விழிப்பாக இருக்க வேண்டும் என்று பிற்காலத் தீர்ப்புகள் வலியுறுத்துகின்றன. வக்கீலுக்கு அனுப்பிய கடிதத்தின் தபால் ரசீது இங்கேதான் கைகொடுக்கும். மீட்டுக் கொடுக்கும்போது, தவறிய காலத்துக்கு வட்டி கிடையாது என்று நிபந்தனை விதிப்பதும் உண்டு.

நீதிமன்றத்திலேயே வழக்கு தேங்கிக் கிடந்தால், குறித்த காலத்துக்குள் முடிக்கும்படி உத்தரவிடக் கோரி உயர் நீதிமன்றத்தை அணுகலாம். தென் மாவட்டத்தாருக்கு மதுரைக் கிளை இருக்கிறது. இது கடைசி வழி. தன் தரப்பு வேலையை முடித்தவருக்கே இது பலன் தரும்.

வக்கீலின் அலட்சியம் குறித்துப் புகார் செய்ய 1961ஆம் ஆண்டின் வழக்கறிஞர்கள் சட்டம் 35ஆம் பிரிவின் கீழ் வழி செய்திருக்கிறது. புகார் தமிழ்நாடு மற்றும் புதுச்சேரி பார் கவுன்சிலுக்குப் போக வேண்டும். ஒழுங்கு நடவடிக்கைக் குழு ஓராண்டில் முடிக்காவிட்டால் விசாரணை அகில இந்திய பார் கவுன்சிலுக்கு மாறும். கண்டனம், தற்காலிகத் தடை, பதிவேட்டிலிருந்து பெயர் நீக்கம் ஆகியவை தண்டனைகள். நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போட முடியாது. வக்கீல் தொழில் நுகர்வோர் சட்டத்துக்குள் வராது என்று உச்ச நீதிமன்றம் 2024 மே 14 அன்று தீர்ப்பளித்துவிட்டது. புகார் கொடுப்பதால் வழக்கு நகர்ந்துவிடாது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். முதலில் வழக்கை நல்ல கையில் சேர்ப்பது, புகாரை அதன் பிறகு பார்ப்பது என்ற வரிசையே குழந்தைக்கு நல்லது.

புதிய வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் இல்லை என்பது தடையாக வேண்டியதில்லை. 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டம் 12ஆம் பிரிவின்படி, குழந்தைக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் ஒரு வெள்ளைத் தாள் விண்ணப்பம் போதும். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம்.

நீண்ட தாமதத்தின் முடிவில் ஒரு சபலம் வரும். மக்கள் நீதிமன்றத்தில் வைத்து ஒரு தொகைக்கு முடித்துக்கொள்ளலாம் என்ற பேச்சு எழும். சமரசம் தவறில்லை, சிறு காயங்களுக்கு அதுவே விரைவான வழி. ஆனால் மக்கள் நீதிமன்ற முடிவுக்கு மேல்முறையீடு கிடையாது. மைனரின் வழக்கைக் காப்பாளர் தம் விருப்பப்படி முடித்துவிடவும் முடியாது. நீதிமன்ற அனுமதி வேண்டும் என்று சிவில் நடைமுறைச் சட்டத்தின் 32ஆம் கட்டளை சொல்கிறது. ஊன மதிப்பீடு வராமல் தொகை பேசுவது கண்ணை மூடிக்கொண்டு விலை பேசுவதுதான்.

தீர்ப்பு வந்ததும் தொகை பொதுவாகக் குழந்தையின் பெயரில் வங்கியில் நிரந்தர வைப்பாகப் போடப்பட்டு, மேஜராகும்வரை இருக்கும். சிகிச்சைக்கோ படிப்புக்கோ இடையில் எடுக்க வேண்டுமானால் நீதிமன்றத்தில் மனுப் போட வேண்டும். தீர்ப்புத் தொகை குறைவென்றால் 90 நாளுக்குள் உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம். தீர்ப்பின் நகலுக்கு அன்றே விண்ணப்பித்துவிட வேண்டும். வழக்கு முடிவதற்குள் குழந்தைக்குப் பதினெட்டு வயது நிரம்பினால், அவரை மேஜராக அறிவிக்கும் மனுப் போட்டு, அவரே வழக்கைத் தொடரலாம். வக்கீலைத் தேர்ந்தெடுப்பதும் மாற்றுவதும் அன்றுமுதல் அவர் கையில்.

தம்பி, உன் வீட்டிலோ தெருவிலோ இப்படி ஒரு வழக்கு நடந்தால், சி.என்.ஆர். எண்ணைக் கேட்டு வாங்கி, கடந்த வாய்தாக்களை ஒரு தாளில் எழுதிப் பெற்றோர் கையில் கொடு. யாரிடம் என்ன கேட்க வேண்டும் என்பது அந்தத் தாளிலேயே இருக்கும்.