முதல் பிஸ்டல்: காசை எடுக்கும் முன்

பரீட்சை முடிகிற மாதம் வந்தால் என் போன் ஓயாது. பேசுவது பெரும்பாலும் அப்பாக்கள். "சார், பையன் எட்டு மாசமா கிளப்ல ஏர் பிஸ்டல் சுடுறான், நல்லா வருது. ஒரு பாயின்ட் டூ டூ வாங்கிடலாம்னு இருக்கோம். எந்த மேக் சார் நல்லது?" மேக் பெயரை நான் உடனே சொல்வதில்லை. "எதுக்காக வாங்குறீங்க?" என்றுதான் முதலில் கேட்பேன். பதக்கத்துக்கா, விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலைக்கா, ஞாயிற்றுக்கிழமை காலையில் மனசு லேசாவதற்கா? மூன்றுக்கும் மூன்று பதில் இருக்கிறது. செலவும் மூன்று விதம்.

வேலைக்கென்று வருகிறவர்களுக்கு முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். ராணுவம், ரயில்வே, மத்திய ஆயுதக் காவல் படைகள், மாநிலப் போலீஸ் என்று துப்பாக்கி சுடுகிறவர்களை எடுக்கும் இடங்கள் நிறைய உண்டு. தமிழ்நாடு அரசுப் பணியிலும் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீதம் இருக்கிறது. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் 25 மீட்டர் ரேபிட் ஃபயர் பிஸ்டலில் வெள்ளி வாங்கிய விஜய் குமார் அப்போது ராணுவத்தில் இருந்தவர். ஆனால் அங்கே மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர் உங்கள் பையில் என்ன துப்பாக்கி இருக்கிறது என்று பார்க்க மாட்டார். சான்றிதழைப் பார்ப்பார்: எந்தப் போட்டி, எந்த ஆண்டு, மாநிலத்துக்காக ஆடினீர்களா, என்ன இடம். அந்தச் சான்றிதழ் ஏர் பிஸ்டலிலும் வரும், தோட்டா சுடும் .22-விலும் வரும். மாநிலப் போட்டி, அதிலிருந்து ஜி.வி. மாவ்லங்கர் போன்ற முன்தேசியப் போட்டிகள், பிறகு தேசியம் என்று படிப்படியாக ஏற வேண்டும். பதினேழு வயதுப் பையனுக்கு இந்த ஏணியில் ஏற ஏர் பிஸ்டல் போதும். சொந்தமாகத் தோட்டா துப்பாக்கி வைத்துக்கொள்ள உரிமம் வாங்கும் வயது எப்படியும் 21. அதுவரை கிளப்பின் .22 இருக்கிறது, கோச் பக்கத்தில் நிற்கிறார். வாங்குவதற்கு என்ன அவசரம்?

ஏர் பிஸ்டலிலேயே நிற்கச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 10 மீட்டர் போட்டியில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 11.5 மில்லிமீட்டர், ஒரு சட்டைப் பொத்தான் அளவு. ஒரே கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு 75 நிமிடத்தில் 60 ஷாட். இப்போது ஒரு சின்னக் கணக்கு போடுங்கள். துப்பாக்கியின் முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் இடையே சுமார் 33 சென்டிமீட்டர். பின் சைட்டின் பள்ளத்துக்குள் முன் சைட் ஒரே ஒரு மில்லிமீட்டர் விலகினால், 10 மீட்டருக்கு அப்பால் பெல்லட் 30 மில்லிமீட்டர் தள்ளிப்போய் விழும். பத்து ஏழாகிவிடும். கை முழுவதும் ஒரு மில்லிமீட்டர் ஆடினால் அதே ஒரு மில்லிமீட்டர்தான் தள்ளிப்போகும், பத்து பத்தாகவே இருக்கும். அதனால்தான் கோச்சுகள் "கை ஆடட்டும், முன் சைட்டைப் பார்" என்று தொண்டை வறளக் கத்துகிறார்கள். 25 மீட்டர் .22-வில் சைட்டுகளுக்கு இடையே அதிகபட்சமே 22 சென்டிமீட்டர்தான். அங்கே அதே ஒரு மில்லிமீட்டர் தப்பு 11 சென்டிமீட்டராக வளர்ந்து நிற்கும். பத்து வட்டம் 5 சென்டிமீட்டர் அகலமாக இருந்தும் ஆறுதான் கிடைக்கும். இந்தப் பழக்கம் கைக்கு வராமல் .22 வாங்கினால், தப்பைக் கூடுதல் சத்தத்தோடும் கூடுதல் செலவோடும் செய்வீர்கள், அவ்வளவுதான்.

சரி, வயது வந்துவிட்டது, ஸ்கோரும் வந்துவிட்டது, வாங்கித்தான் ஆக வேண்டும் என்று வையுங்கள். கடைக்காரரின் படத்தொகுப்பைத் திறக்கும் முன் உங்கள் வலது கையை ஒரு தாளில் விரித்து வைத்துப் பென்சிலால் வரைந்துகொள்ளுங்கள். இடக்கைக்காரர் என்றால் இடது கை. போட்டி பிஸ்டலின் மரக் கிரிப் ஸ்மால், மீடியம், லார்ஜ் என்று அளவுகளில் வரும், வலது இடது தனித்தனி. செருப்பு வாங்கும்போது பார்க்கிற அளவுக்குக்கூட இதை நம் ஆட்கள் பார்ப்பதில்லை.

நானும் பார்க்கவில்லை. நான் வாங்கிய முதல் .22 கைமாறி வந்தது. வைத்திருந்தவர் வெளியூர் போகிற அவசரத்தில் இருந்தார், விலையும் குறைவு. கிரிப் லார்ஜ், என் கைக்கு மீடியம் வேண்டும். "பழகிடும்" என்று எடுத்து வந்துவிட்டேன். பழகவில்லை. பெரிய கிரிப்பைச் சுற்றிப் பிடித்தபின் ஆள்காட்டி விரலின் நுனி மட்டும்தான் ட்ரிகரை எட்டியது. நுனியால் அழுத்தும்போது ட்ரிகர் நேர் பின்னால் வராது, பக்கவாட்டில் தள்ளும். ஷாட் எல்லாம் ஒன்பது மணிப் பக்கம். ஆறு மாதம் என் கண்ணைக் குறை சொன்னேன், கண்ணாடி கூட மாற்றினேன். ஒருநாள் நண்பர் ஒருவரின் மீடியம் கிரிப்பைக் கடன் வாங்கி மாட்டினேன். இரண்டே வாரத்தில் குரூப்பிங் நடுவுக்கு வந்துவிட்டது. கண்ணாடிக் காசு போனது போனதுதான்.

கையில் எடுத்துப் பார்க்கும்போது செய்ய வேண்டியது இது. இலக்கைப் பார்த்துக் கையை நீட்டிக் கண்ணை மூடிக்கொள்ளுங்கள். இரண்டு மூச்சு விட்டபின் திறங்கள். முன் சைட் பின் சைட்டின் பள்ளத்துக்கு நடுவே தானாக வந்து நிற்கிறதா? வலப்புறமோ மேலோ எட்டிப்பார்த்தால் அந்தக் கிரிப்பின் கோணம் உங்களுக்கு ஒத்துவரவில்லை. மணிக்கட்டை வளைத்து ஒப்பேற்றினால் முப்பதாவது ஷாட்டில் மணிக்கட்டு கையை விரித்துவிடும். அடுத்து ட்ரிகர் விரல். நுனிக்கும் முதல் மடிப்புக்கும் நடுவில் இருக்கும் மெத்தென்ற சதை ட்ரிகரில் உட்கார வேண்டும். விரலின் மற்ற பகுதி மரத்தில் உரசக் கூடாது. ட்ரிகரை முன்னும் பின்னும் நகர்த்தும் திருகு பெரும்பாலான போட்டி பிஸ்டல்களில் உண்டு. அதற்கும் ஒரு எல்லை இருக்கிறது.

ட்ரிகரைப் பற்றி நம் பிள்ளைகளிடம் ஒரு ஆசை இருக்கிறது: எவ்வளவு லேசோ அவ்வளவு நல்லது என்று. போட்டி விதி அப்படி விடாது. ஏர் பிஸ்டலுக்குக் குறைந்தது 500 கிராம், 25 மீட்டர் .22-வுக்கு 1000 கிராம். போட்டிக்கு முன் எக்யூப்மென்ட் கண்ட்ரோல் மேஜையில் இதைச் சோதிப்பார்கள். பிஸ்டலைச் செங்குத்தாகப் பிடித்து, எடைக்கல்லை ட்ரிகரில் மாட்டி, மெதுவாகத் தூக்குவார்கள். கல் தரையிலிருந்து எழும்பும்வரை ட்ரிகர் விழக் கூடாது. 'டிக்' என்று விழுந்தால் அந்த வரிசையில் நிற்கிற எல்லோருக்கும் கேட்கும். அதே மேஜையில் ஒரு பெட்டியும் இருக்கும். 25 மீட்டர் பிஸ்டல் என்றால் உள்ளளவு 300, 150, 50 மில்லிமீட்டர். பிஸ்டல் அதற்குள் அடங்க வேண்டும். எடையும் 1400 கிராமைத் தாண்டக் கூடாது. ஆசைப்பட்டுக் கிரிப்பில் புட்டி அப்பி அகலமாக்கியவர்கள் இங்கேதான் மாட்டுவார்கள். உப்புத்தாளைக் கையோடு எடுத்துப் போவது நல்லது, நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

இனி மேக். ரேஞ்சில் அடிக்கடி காதில் விழும் பெயர்கள் இத்தாலியின் பார்தினி, ஜெர்மனியின் வால்தர், சுவிட்சர்லாந்தின் மோரினி. ஏர் பிஸ்டல் என்றால் ஆஸ்திரியாவின் ஸ்டெயரும் சேரும். எல்லாமே உங்கள் கையைவிட நன்றாகச் சுடும். அதனால் துல்லியத்தை வைத்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். பார்தினி எஸ்.பி., வால்தர் ஜி.எஸ்.பி. இரண்டிலும் மேகசின் ட்ரிகருக்கு முன்னால் இருக்கும். எடை மூக்குப் பக்கம் சாயும், சுட்டபின் துள்ளல் அடங்கும். மூன்று வினாடிக்குள் இலக்கு திரும்பிவிடும் ரேபிட் சுற்றில் இந்த முன்பாரம் கை கொடுக்கும். மெலிந்த தோள் உள்ளவர்களுக்கு இதே முன்பாரம் கடைசிப் பத்து ஷாட்டில் பகையாகும். நான் பெண் பிள்ளைகளிடம், 60 ஷாட் முழுதும் கிளப் துப்பாக்கியில் டிரையாகவாவது, அதாவது தோட்டா போடாமலாவது, பிடித்துப் பார்த்துவிட்டு முடிவெடு என்பேன். ஆண் பிள்ளைகளிடமும் அதையே சொல்கிறேன், அவர்கள்தான் கேட்பதில்லை.

டிரை என்றதும் ஒரு எச்சரிக்கை. .22 தோட்டாவில் வெடிமருந்தைப் பற்றவைக்கும் கலவை விளிம்பில் இருக்கிறது, ஊசி அந்த விளிம்பைத்தான் தட்டும். தோட்டா இல்லாமல் தட்டினால் சில பிஸ்டல்களில் ஊசி அறையின் விளிம்பிலேயே மோதி அதை நசுக்கிவிடும். வாங்கும் மாடலில் டிரை பயிற்சிக்குத் தனி ஏற்பாடு இருக்கிறதா என்று கேளுங்கள். ஒரு நாளில் பாதிப் பயிற்சி டிரைதான்.

பாதுகாப்புக்கென்று விற்கும் சின்ன ரிவால்வரைக் காட்டி "இதுலயே ப்ராக்டீஸ் பண்ணலாமே சார், குட்டியா இருக்கு" என்று கேட்பவர்களும் உண்டு. 2014-இல் கான்பூர் தொழிற்சாலை பெண்களுக்கென்று கொண்டுவந்த 'நிர்பீக்' .32 ரிவால்வர் அரைக் கிலோதான். கைப்பையில் கொண்டுபோக அது சரி. இலக்குப் பயிற்சிக்கு லேசான துப்பாக்கி என்றால் கூடுதல் துள்ளல், குட்டையான சைட் தூரம். மேலே போட்ட மில்லிமீட்டர் கணக்கை அதற்கும் போட்டுப் பாருங்கள். .32 போட்டி தனியாக இருக்கிறது, சென்டர் ஃபயர் என்பார்கள். ஜஸ்பால் ராணா 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்றது அதில்தான். அது .22-வில் ஊறியபின் போக வேண்டிய இடம்.

பழுதைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. டோக்கியோ ஒலிம்பிக்கில் மனு பாக்கருக்கு 10 மீட்டர் ஏர் பிஸ்டல் தகுதிச் சுற்றின் நடுவே துப்பாக்கி கோளாறு செய்தது. நிமிடங்கள் கரைந்தன. 575 புள்ளியோடு 12-ஆம் இடம், இறுதிச்சுற்றுக்கு எட்டுப் பேர்தான். அதே மனு 2024 பாரிஸில் இரண்டு வெண்கலம் வாங்கினார் என்பது வேறு கதை. ஒலிம்பிக் அணிக்கே அப்படி என்றால், மாவட்டப் போட்டிக்குப் பேருந்தில் போகும் உங்களுக்கு? ஆகவே கடைக்காரரிடம் விலைக்கு முன் கேட்க வேண்டியது: ஊசி, ஸ்பிரிங், மேகசின் இங்கே கிடைக்குமா? திறந்து பார்க்கத் தெரிந்தவர் எந்த ஊரில் இருக்கிறார்? உங்கள் கிளப்பில் நாலு பேர் வைத்திருக்கும் மாடலையே நீங்களும் வாங்கினால் கடன் வாங்க ஒரு மேகசினாவது கிடைக்கும். இதைவிடப் பெரிய ஆலோசனை என்னிடம் இல்லை.

கைமாறிய ஏர் பிஸ்டல் வாங்கினால் சிலிண்டரைத் திருப்பி அதில் பொறித்த தேதியைப் படியுங்கள். 200 பார் அழுத்தக் காற்று அடைத்த அந்தக் குழாய்க்குத் தயாரிப்பாளர் கொடுக்கும் ஆயுள் அதிகம் போனால் பத்து வருஷம். காலாவதியானதோடு போட்டிக்குப் போனால் சிலிண்டரை ஓரம் வைக்கச் சொல்வார்கள். என் மாணவி ஒருத்திக்கு அது நடந்தது. துப்பாக்கி பளபளவென்று புதிதுபோல இருந்தது, சிலிண்டர் மட்டும் பதினோரு வயது. பக்கத்து லேன் பையன் தன் மாற்றுச் சிலிண்டரைத் தந்ததால் அன்று சுட்டாள். புதுச் சிலிண்டரின் விலையைக் கேட்டபின் அவள் அப்பா கைமாறியதில் மிச்சம் பிடித்ததாகப் பேசுவதை நிறுத்திவிட்டார்.

காகித வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். போட்டிக்கான .177 ஏர் பிஸ்டல், ஆற்றல் 20 ஜூலுக்குக் கீழே என்பதால், உரிமம் இல்லாமல் அடையாளச் சான்று கொடுத்து வாங்கலாம். .22 அப்படி இல்லை. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் கீழ் உரிமம் வேண்டும்: மாவட்டங்களில் ஆட்சியர், மாநகரங்களில் காவல் ஆணையர். 2019 திருத்தத்துக்குப் பிறகு உரிமம் 5 ஆண்டுக்குச் செல்லும், சாதாரண உரிமதாரருக்கு இரண்டு துப்பாக்கிதான், விளையாட்டு வீரர்களுக்குத் தனிக் கணக்கு. தேசிய ரைபிள் சங்கத்தின் 'ரினவுண்ட் ஷாட்' தகுதி ஸ்கோரைத் தொட்டுவிட்டால் இறக்குமதிக்கும் கூடுதல் தோட்டாவுக்கும் வழி திறக்கிறது. பலர் அந்த ஸ்கோர் வரும்வரை கிளப் துப்பாக்கியிலேயே ஓட்டுகிறார்கள். புத்திசாலித்தனம். வீட்டில் இரும்பு அலமாரி, தோட்டாவுக்குத் தனிப் பூட்டு, தேர்தல் அறிவிப்பு வந்தால் துப்பாக்கியை ஒப்படைக்கச் சொல்லிப் போலீஸ் ஸ்டேஷனிலிருந்து வரும் போன், விமானத்தில் போனால் சிலிண்டரைக் காலி செய்வது என்று இந்த விளையாட்டில் பாதி நேரம் எழுத்து வேலைதான். அதில் சலிப்புள்ளவர்கள் இப்போதே யோசித்துக்கொள்ளலாம்.

தோட்டா வாங்கும்போது ஒரே பெயரில் பத்துப் பெட்டி எடுப்பதோடு பெட்டியின் லாட் எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். முதலில் இரண்டு மூன்று வகையில் ஒவ்வொரு பெட்டி வாங்கி உங்கள் பிஸ்டலில் சுடுங்கள். எது சிக்காமல் ஓடுகிறதோ அதை எடுங்கள். விலை உயர்ந்தது எல்லாப் பிஸ்டலுக்கும் பிடிக்கும் என்று இல்லை.

துப்பாக்கி வீட்டுக்கு வந்த முதல் வாரம் எல்லாத் திருகையும் திருகிப் பார்க்கக் கை துறுதுறுக்கும். ட்ரிகர் எடையைத் தொடாதீர்கள். கிரிப்பை மட்டும் கவனியுங்கள். போன வருஷம் உரிமம் வாங்கிய ஒரு தம்பி, தினமும் பயிற்சி முடிந்ததும் ரேஞ்சின் வாசற்படியில் உட்கார்ந்து கட்டைவிரல் மேட்டுக்கு நேரே மரத்தைத் தேய்ப்பான். தேய்ப்பான், பிடித்துக் கண்ணை மூடுவான், திறப்பான், மறுபடி தேய்ப்பான். பதினொரு நாள் ஆயிற்று. பன்னிரண்டாம் நாள் பிஸ்டலை நீட்டிக் கண்ணைத் திறந்தவன் ஒன்றும் பேசாமல் உப்புத்தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு லேனுக்குப் போனான்.