மானின் மோப்பமும் வாடை மறைப்புப் பொருள்களும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் வெண்வால் மானை இலையுதிர் காலத்தில் உரிமம் பெற்று வேட்டையாடுகின்றனர். அம்பெய்வோர் பெரும்பாலும் 30 மீட்டருக்குட்பட்ட தொலைவிலிருந்தே எய்தல் வேண்டும். அத்துணை அருகில் மனித வாடையை உணர்ந்த மான், வாலின் வெண்மை தெரியப் பாய்ந்தோடிவிடும். ஆகவே வாடையை மறைக்கும் பொருள்கள் அங்குக் கடைகளில் விற்கப்படுகின்றன. மண், பைன் இலை, ஓக் விதை ஆகியவற்றின் மணமுடைய நீர்மங்களும், நரியின் சிறுநீரும் இவற்றுள் அடங்கும்.

இவை விளம்பரங்கள் கூறும் அளவிற்குப் பயன் தருவனவல்ல. புதிதாகச் சுரந்த வியர்வைக்கு மணம் மிகக் குறைவு. தோலில் வாழும் பாக்டீரியங்கள் அதனைச் சிதைக்கும்போதே வாடை பிறக்கிறது. ஆவியாகும் அம்மூலக்கூறுகள் காற்றில் மிதந்து மானின் நாசியை அடைந்து, நுகர்ச்சி உயிரணுக்களிலுள்ள பலவகை ஏற்பிகளைத் தூண்டுகின்றன. வேறொரு மணம் உடன் சேர்வதால் முன்னைய மூலக்கூறுகள் அழிந்துபோவதில்லை. மல்லிகைச் சரத்துடன் மீன் கடைக்குள் நுழைந்தால் நமக்கே இரண்டும் தெரிகின்றன அல்லவா? மானின் மோப்பமோ நம்முடையதினும் பன்மடங்கு கூரியது.

எனவே முதற்கண் வாடையைக் குறைத்தல் வேண்டும். மணமற்ற சோப்பினால் நீராடி, சமையல் சோடா கலந்த நீரில் உடையைத் துவைத்து வெளியில் உலர்த்தி, ரப்பர் காலணி அணிவது வழக்கம். மறைப்பு மணம் அவ்விடத்திற்கு இயல்பானதாக இருத்தல் வேண்டும். பைன் மரமே இல்லாத காட்டில் பைன் மணம் மானுக்கு ஐயத்தையே ஊட்டும். காலணியின் அடியில் சில துளிகள் போதும்.

பெண்மானின் சிறுநீரைக் கவர்ச்சிப் பொருளாகப் பயன்படுத்துவது வேறு செய்தி. 1967இல் கொலராடோவில் முதன்முதலாகக் காணப்பட்ட மான் நலிவு நோய்க்குப் பிரியான் என்னும் திரிந்த புரதமே காரணம். அது சிறுநீர் வழியாகவும் வெளியேறுவதாலும், மண்ணில் பல்லாண்டுகள் நிலைப்பதாலும், பல மாநிலங்கள் இயற்கை மான் சிறுநீரைத் தடைசெய்துள்ளன. நோய் கண்ட மான் பிழைப்பதில்லை.

எல்லாவற்றினும் முதன்மையானது காற்று. நம் நாட்டில் 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி மான் வேட்டை குற்றமாகும். எனினும் புள்ளிமானையும் கடம்பையும் உற்றுநோக்குவோர்க்கு இவ்வறிவு பயன்படும். வெயில் ஏறியதும் மலைச்சரிவின் காற்று சூடாகி மேல்நோக்கிச் செல்லும். அப்போது மானுக்கு மேற்புறம் அமர்தல் நலம். மாலையில் குளிர்ந்த காற்று பள்ளத்தை நோக்கி இறங்குமாதலால், ஓடையின் கீழ்ப்புறத்திற்கு இடம் மாறிக்கொள்ளல் வேண்டும்.