கடிகார வானொலி வாங்குமுன்

மேசைமேல் வைக்கும் சிறு கடிகார வானொலியின் பயன் இரண்டு: நேரங்காட்டல், குறித்த வேளையில் வானொலியை ஒலிக்கச் செய்து நம்மை எழுப்புதல். அம்பத்தூர்த் தொழிற்பேட்டையை அடுத்த மண்ணூர்பேட்டையில், முதல் ஷிப்டுக்குச் செல்வோர்க்கு இது பெரிதும் உதவும். ஆயினும் அழகையும் விலையையும் மட்டும் பார்த்து வாங்கலாகாது.

முதலாவது, மின்சாரம். இவற்றுள் பல, வீட்டு மின்சாரத்தின் அலைவுகளை எண்ணியே நேரங்காட்டுகின்றன. நம் நாட்டில் 230 வோல்ட், விநாடிக்கு 50 அலைவு. அமெரிக்காவில் 120 வோல்ட், 60 அலைவு. அங்கிருந்து உறவினர் கொணரும் கருவியை மின்மாற்றி வைத்து இயக்கினால் வோல்ட் குறையுமேயன்றி அலைவு மாறாது. எனவே கடிகாரம் மணிக்குப் பத்து நிமிடம் பின்தங்கும். இரவு 10 மணிக்குச் சரிசெய்து, காலை 5 மணிக்கு எழுப்புமாறு வைத்தால், அது ஒலிக்கையில் உண்மை நேரம் 6.24! பேருந்தும் போய்விடும், ஷிப்டும் தொடங்கிவிடும். 50, 60 என மாற்றும் விசை உள்ளதா எனப் பார்த்தல் வேண்டும்.

இரண்டாவது, அலைவரிசை. இந்தியாவின் முதல் பண்பலை ஒலிபரப்பு 1977-இல் சென்னையில் தொடங்கிற்று. இன்று சென்னை வானொலியின் ரெயின்போ 101.4 மெகாஹெர்ட்சில் ஒலிக்கிறது. ஜப்பானுக்கெனச் செய்த பழைய கருவிகள் பல 90 மெகாஹெர்ட்சோடு நின்றுவிடும். அவற்றில் இது கேளாது.

மூன்றாவது, மின்தடை. உள்ளே துணை பேட்டரி இல்லையேல், நள்ளிரவில் மின்சாரம் போய் வந்ததும் கடிகாரம் 12.00 எனக் கண்சிமிட்டும், காலையில் எழுப்பாது.

ஆகவே கடையிலேயே ஒரு மணி நேரம் ஓடவிட்டு, கைக்கடிகாரத்தோடு ஒப்பிடுக. நேரந்தவறும் கடிகாரத்தைவிடக் கடிகாரமில்லாமையே நன்று. இல்லாதவன் விழிப்பாயிருப்பான், இருப்பவன் நம்பி உறங்குவான்.