இடுப்பு மூட்டு மாற்றும், அதற்கு முந்திய தேக நிலையும்

குழித்தறியில் இறங்கி அமர்வதும், வயலில் குந்திக் களை பறிப்பதும் நம் அங்கத்தினர்களுக்கு அன்றாட வேலைகள். இடுப்பு மூட்டு பழுதுபட்டால் முதலில் நின்றுபோவன இவையே. மூட்டை மாற்றிக்கொள்ளலாம் என வைத்தியர் கூறினாலோ, "நடக்க முடிகிற வரை நடப்போம், படுத்தபின் பார்த்துக்கொள்வோம்" என்பவர் பலர். இவ்வெண்ணம் சரிதானா என்பதை இம்மாதம் ஆராய்வோம்.

இடுப்பு மூட்டு, கிண்ணத்துள் சுழலும் பந்தை ஒத்தது. தொடை எலும்பின் தலை பந்து. இடுப்பெலும்பின் குழி கிண்ணம். இவற்றைப் போர்த்தியுள்ள குருத்தெலும்பு தேய்ந்தாலும், இரத்த ஓட்டம் குன்றி எலும்பின் தலை நசிந்தாலும் வலி உண்டாகிறது. பின்னது நம் நாட்டில் நடுவயதினரையும் பீடிக்கிறது. மதுவும், நெடுநாள் உட்கொண்ட ஸ்டீராய்டு மருந்துகளும் அதன் காரணங்களுட் சேர்ந்தவை.

மூட்டு மாற்றும் முறையைச் செம்மைப்படுத்தியவர் இங்கிலாந்தில், லங்காஷயரைச் சேர்ந்த ரைட்டிங்டன் ஆஸ்பத்திரியின் ஜான் சார்ன்லி. அவர் முதலில் டெப்லானால் கிண்ணம் செய்தார். அது சில ஆண்டுகளிலேயே தேய்ந்தது. நோயாளிகளுக்கு மீண்டும் ரண சிகிச்சை செய்ய நேர்ந்தது. 1962-இல் விற்பனையாளர் ஒருவர் கெட்டியான பாலிதீன் துண்டு ஒன்றைக் கொண்டுவந்தார். நெசவாளர்களாகிய நமக்குச் சுவையான செய்தி யாதெனில், அது லங்காஷயர் விசைத்தறிகளின் பற்சக்கரங்களுக்குப் பயன்பட்ட பொருள்! சார்ன்லி நகத்தால் கீறிப் பார்த்து அதனை ஒதுக்கிவிட்டார். அவருடைய பட்டறையில் வேலை செய்த ஹாரி கிரேவனோ விடாமல் அதனைச் சோதனைப் பொறியில் இட்டு ஓட்டினார். டெப்லானைவிட மிகமிகக் குறைவாகவே அது தேய்ந்தது. அவ்வாண்டு நவம்பரில் அக்கிண்ணம் நோயாளிக்குப் பொருத்தப்பட்டது.

மூட்டு நல்லதாயினும், பிந்திய வாழ்வு நோயாளியின் முந்திய தேக நிலையையும் பொறுத்தது. படியேற முடிகிறதா, இரவில் உறங்க முடிகிறதா, பிறர் துணையின்றி உடுத்த முடிகிறதா என்றெல்லாம் கேட்டே வைத்தியர்கள் இதனை அளக்கின்றனர். மாண்ட்ரியல், பாஸ்டன் நகரங்களில் இடுப்பு அல்லது முழங்கால் மூட்டு மாற்றிக்கொண்டோரை ஆராய்ந்து 1999-இலும் 2002-இலும் முடிவுகள் வெளியிட்டனர். முன்பு மிகவும் தளர்ந்திருந்தவர்களும் நன்மை பெற்றனர் என்பது உண்மையே. ஆனால் ஓரளவு நல்ல நிலையில் சிகிச்சைக்குச் சென்றவர்களை, 2 ஆண்டுகள் கழிந்த பிறகும் அவர்கள் எட்டிப் பிடிக்கவில்லை. வலிக்கு அஞ்சிக் காலை ஊன்றாதிருக்கத் தொடைத் தசையும் பிட்டத் தசையும் மெலிகின்றன. வைத்தியர் மூட்டை மாற்றலாம். மெலிந்த தசையை மாற்ற இயலாது.

அதற்காக, வலி தோன்றிய மறுநாளே ஓட வேண்டும் என்று நாம் கூறவில்லை. செயற்கை மூட்டும் தேயக்கூடியதே. இளவயதில் பொருத்தினால் பின்னொருமுறை மாற்ற நேரலாம். வலி உறக்கத்தைக் கெடுத்து, வேலையையும் நிறுத்தும் நிலையில் காலம் கடத்துவதே தவறு.

நாள் குறித்தபின் காத்திருக்கும் வாரங்களையும் வீணாக்கலாகாது. டென்மார்க்கில் புகைபிடிக்கும் பழக்கமுள்ள இத்தகைய நோயாளிகளைக் கொண்டு ஒரு சோதனை நடத்தி, 2002-இல் அதன் முடிவை வெளியிட்டனர். ரண சிகிச்சைக்கு 6 முதல் 8 வாரங்களுக்கு முன்பே புகையை விடவோ குறைக்கவோ உதவி பெற்றவர்களில் 100-க்கு 18 பேருக்கே பின்னர்ச் சிக்கல் நேர்ந்தது. உதவி பெறாதவர்களில் 52 பேருக்கு நேர்ந்தது. பீடியை நண்பனாகக் கருதும் அங்கத்தினர்கள் இவ்விரு எண்களையும் நோக்குவார்களாக. நீரிழிவு, இரத்தச் சோகை, சொத்தைப் பல், தோற்புண் ஆகியவற்றையும் முன்கூட்டியே கவனித்துக்கொள்ள வேண்டும். நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து அமர்தல், மல்லாந்து படுத்து முழங்கால்களை மடக்கி இடுப்பை உயர்த்துதல் போன்ற பயிற்சிகளை, வைத்தியரைக் கேட்டு வலி பொறுக்கும் அளவில் செய்யலாம்.

புதிய மூட்டு நழுவாதிருக்கும்பொருட்டுக் குந்துதலையும் சம்மணமிடுதலையும் பல வைத்தியர்கள் தவிர்க்கச் சொல்வர். ஆதலின் வீட்டில் உயரமான மலத்தொட்டியை முன்னதாகவே அமைத்துக்கொள்ளுதல் நன்று. குழித்தறி நெய்வோர் குழியின் ஆழம், இறங்கி ஏறும் விதம், மிதிகட்டையை மிதிக்கும் முறை ஆகியவற்றை ரண சிகிச்சைக்கு முன்பே வைத்தியரிடம் விளக்கி, தறிக்கு எப்போது திரும்பலாம் என்று கேட்டறிய வேண்டும்.